வேளச்சேரி வாடகை வீடு, ஓனர் வெளியூர்ல: மழைக்கு முன்னாடி என்ன பண்ணி வைக்கணும்?

கேள்வி: வேளச்சேரில நாலு போர்ஷன் வீடு, கீழ ரெண்டு, மேல ரெண்டு, எல்லாம் வாடகைக்கு விட்டிருக்கோம். நாங்க கோயம்புத்தூர்ல இருக்கோம். மழைத் தண்ணி, கேஸ் லீக்னு திடீர்னு ஏதாவது ஆனா குடியிருக்கறவங்க தடுமாறாம இருக்க என்ன செய்யலாம்?

பதில்: முதல்ல சாவிங்க. நிறைய வீட்ல மொட்டை மாடிக்கு ஓனர் பூட்டு, மீட்டர் பாக்ஸ் கிரில்லுக்கும் ஓனர் பூட்டு, கேட்டா ஒரு போன் பண்ணுங்க ஆள் அனுப்பறேன்னு சொல்வாங்க. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் உங்க ஏரியால தண்ணி பூந்தப்போ போனே போகல, அப்போ யாரை கூப்பிடுவாங்க? நாலு வீட்டுக்கும் ரெண்டு சாவியும் குடுத்துடுங்க. உங்கள கேக்காமலே அவங்களால கரண்ட நிறுத்த முடியணும், மாடிக்குப் போக முடியணும், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

மீட்டர் பாக்ஸ்ல எந்த சுவிட்ச் எந்த வீட்டுக்குன்னு பெயின்ட்ல எழுதி வைங்க. வாசல்ல தண்ணி ஏற ஆரம்பிச்ச உடனே, தரை காய்ஞ்சிருக்கும்போதே மெயின ஆஃப் பண்ணிடணும், தண்ணில நின்னுட்டு கை வைக்கவே கூடாது. ஒண்ணு நிறைய பேர் மறக்கறாங்க, மெயின் ஆஃப் ஆனாலும் இன்வர்ட்டர் ஓடிட்டே இருக்கும், அதுலேர்ந்து வர்றதும் ஷாக் அடிக்கற கரண்ட்தான், அதனால அதையும் ஆஃப் பண்ணணும்னு கண்டிப்பா சொல்லுங்க. தண்ணி வடிஞ்சப்புறம் எலக்ட்ரீஷியன் பாக்காம யாரும் ஆன் பண்ண வேணாம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், போடுங்க, இது ஓனர் செலவு, தயவுசெஞ்சு இதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க. அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், அமுக்கினா டப்புன்னு விழணும், விழலன்னா மாத்தணும்.

கேஸ் வாசனை வந்தா சுவிட்ச போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துதான். எல்பிஜி காத்த விட கனம், தரையோட தங்கும், அதனால ஜன்னல் மட்டும் பத்தாது, கதவையும் நல்லா திறக்கணும். ரெகுலேட்டர மூடிட்டு எல்லாரும் வெளிய வந்து, அப்புறம்தான் கேஸ் லீக் அவசர நம்பர் 1906க்கு போன். தீப்பிடிச்சா 101. கார்ப்பரேஷன் 1913, கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987, இத எல்லாம் வாட்ஸ்ஆப்ல அனுப்பறதோட விடாம மாடிப்படி சுவத்துல ஒட்டுங்க. சிலிண்டர் ட்யூப்ல வருஷம் அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மாத்தச் சொல்லுங்க.

அக்ரிமென்ட்ல ஒரு வரி சேருங்க, ஆள் இல்லாதப்போ தீ, கேஸ், தண்ணின்னு வந்தா யார் கதவத் திறக்கலாம்னு. சாதாரணமா நீங்க உள்ள போகவே 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும், அவசரத்துல அந்தக் குழப்பம் வேணாம்.

கீழ வயசானவங்க, நடக்க முடியாதவங்க இருந்தா மேல் போர்ஷன்காரங்ககிட்ட இப்பவே பேசிடுங்க, ராத்திரி தண்ணி வந்தா யார் வீட்டுக்கு ஏத்தறது, யார் தூக்கறதுன்னு அவங்களுக்குள்ள முடிவாகி இருக்கணும்.