நியூட்ரல் வேறு, எர்த் வேறு: வீட்டு சார்ஜிங் கேள்வி பதில்

கேள்வி: மின்வண்டி சார்ஜரில் எர்த் விளக்கு சிவப்பாக எரிந்தது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் இணைத்தார். இப்போது பச்சை. போதுமா சார்?

போதாது. பேஸ் மின்சாரம் வரும் கம்பி, நியூட்ரல் அது திரும்பும் கம்பி, எர்த் கசிவை மண்ணுக்கு இறக்கும் கம்பி. இன்றே மெயினை அணைத்து அந்தத் துண்டை எடுக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லை என்று சார்ஜர் சரியாகத்தான் சொன்னது. வழியில் எங்காவது நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்தால், பேஸ் மின்சாரம் சார்ஜருக்குள் புகுந்து, நியூட்ரல் பின்னுக்கு வந்து, அந்தத் துண்டு வழியாக வண்டியின் உடம்பில் ஏறும். டயர் ரப்பர். ஆகவே வண்டி 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவர் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும்.

கேள்வி: 32 ஆம்பியர் எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு?

எம்சிபி, மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆர்சிசிபி, போன மின்சாரமும் திரும்பி வந்ததும் சமமில்லாமல் கசிந்தால் விழும். கணக்குப் போடுங்கள். எர்த் குழியின் (எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடம்) தடை 100 ஓம் என்றால், பேஸ் உடம்பில் பட்டாலும் ஓடுவது 2.3 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழும். அப்புறம், ஆர்சிசிபியில் ஏசி வகை (மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணர்வது) வேண்டாம். வண்டியிலிருந்து டிசி (நேர்மின்னோட்டம்) கசிந்தால் அது மரத்துப்போய் விழாமல் இருந்துவிடலாம். சார்ஜரிலேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை ஆர்சிசிபி, இல்லையென்றால் பி வகை.

கேள்வி: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. எர்த் வயரே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டனுக்கு விழும். எர்த்தை எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும்.

கேள்வி: பேட்டரியை எத்தனை சதவீதம் வரை ஏற்றலாம்?

என் துறை அல்ல. வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை எர்த்தோடு இணைக்கிறார்கள். வீட்டில் செய்தால் மட்டும் தப்பா?

அங்கே மண்ணில் எலக்ட்ரோடு (எர்த்துக்கான உலோகத் தண்டு அல்லது தகடு) புதைத்து, ஆர்சிசிபிக்கு முன்னால் இணைக்கிறார்கள். நீங்கள் இணைப்பது ஆர்சிசிபிக்குப் பின்னால். உடம்புக்குக் கசியும் மின்சாரம் நியூட்ரலிலேயே திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமம் என்பதால் ஆர்சிசிபிக்குக் கசிவே தெரியாது.

அதே நண்பர்: பேஸ் உடம்பில் பட்டால் ஷார்ட் ஆகி எம்சிபி விழுமே? நியூட்ரல் அறுந்தாலும் ஆர்சிசிபி இருக்கிறதே?

நேரடி ஷார்ட்டுக்கு எம்சிபி விழும், ஒப்புக்கொள்கிறேன். ஈரத்தால் மெல்லக் கசிவதற்கு விழாது. நியூட்ரல் அறுந்தால் ஆர்சிசிபி விழலாம், ஆனால் ஒருவர் ஷாக் வாங்கிய பிறகு. நல்ல எர்த் இருந்தால் கசிவு தொடங்கும்போதே, யாரும் தொடும் முன்பே விழுந்திருக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் வரும் விநியோகத்திலும், அந்தக் கம்பி அறுந்தால் இதே ஆபத்துதான். வெளியே நிற்கும் வண்டிக்குத் தனி எலக்ட்ரோடு, அல்லது அறுந்ததை உணர்ந்து எர்த் உட்பட எல்லாக் கம்பியையும் துண்டிக்கும் சாதனம் தேவைப்படுவது அதனால்தான்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்?

வேண்டாம்.

கேள்வி: ஸ்கூட்டர்தான் சார், மூன்று பின் சார்ஜர். ஜம்பர் (அதே துண்டு வயர்) போட்டால் பச்சை வருகிறது...

முதல் பதிலைப் படியுங்கள். ஸ்கூட்டருக்கும் அதே 230 வோல்ட்தான். ஜம்பரை எடுத்துவிட்டு, சாக்கெட்டிலிருந்து எர்த் குழி வரை வயர் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போர்டுக்குள் பஸ்பாரில் (எர்த் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) கழன்று கிடக்கலாம்.