கணக்கை முடக்கிவிட்டார்கள், மகனை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. பி.காம். கடைசி வருஷம். பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர் அல்சூரில்தான். கன்னடம் எங்களைவிட நன்றாகப் பேசுவான். ஒரு வருஷமாக ஆளே மாறிவிட்டான். காவிரி, மொழி என்று ஆரம்பித்து, கன்னடக்காரர்களை அடித்து நொறுக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தான். மூவாயிரம் பேர் பின்தொடர்ந்தார்களாம். போன மாதம் அந்தக் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ஆனால் பத்தே நாளில் வேறொரு செயலியில் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்துவிட்டான். 140 பேர். அங்கே எழுதுவதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது. குழந்தையில் இவனைத் தூக்கி வளர்த்த மாடி வீட்டு ஆன்ட்டி "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பிட்டாயா?) என்று கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். "முடக்கினதாலதான் முத்திப்போச்சு" என்கிறான் என் தம்பி. "இந்த மாதிரிப் பேச்சு எங்கே வந்தாலும் தடை பண்ணணும், வீட்டு வைஃபையையும் பிடுங்கணும்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூர்.

பதில்: சகோதரி, இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு ஆட்களைப் பற்றி. தம்பி உங்கள் மகனைப் பற்றிச் சொல்கிறார். கணவர், உங்கள் மகன் எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கு அவனைப் போலவே ஆகியிருக்கக்கூடிய யாரோ ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். வைஃபை விஷயத்தை மட்டும் அப்புறம் பார்ப்போம்.

முதலில் கணவர் பக்கம். ரெட்டிட் என்ற தளத்தில் 2015-இல் இரண்டு குழுக்களை மூடினார்கள். குண்டாக இருப்பவர்களைக் கேவலப்படுத்தவென்றே ஒன்று நடந்தது, கறுப்பின மக்களைக் கேவலப்படுத்த இன்னொன்று. ஒரு சாக்கடையை அடைத்தால் தெருவெல்லாம் ஓடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நிறையப் பேர் தளத்தை விட்டே போய்விட்டார்கள். தங்கியவர்கள் வெறுப்புச் சொற்களைப் பயன்படுத்துவது 80 சதவீதமாவது குறைந்தது. அவர்கள் போய் ஒட்டிக்கொண்ட மற்ற குழுக்களும் கெட்டுப்போகவில்லை. ஆக, தடை வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது தம்பி பக்கம். அதே தளம் வெளியேற்றிய வேறு இரண்டு கூட்டங்கள், டிரம்ப் ஆதரவாளர்கள் ஒன்று, பெண்களை வெறுக்கும் ஆண்கள் இன்னொன்று, சொந்தமாகத் தளம் கட்டிக்கொண்டு குடிபோயின. 2021-இல் வந்த ஓர் ஆய்வு அவற்றைத் துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தது. புதிதாகச் சேருகிறவர்கள் மளமளவென்று குறைந்திருந்தார்கள், பதிவுகளும் குறைந்திருந்தன. ஆனால் டிரம்ப் கூட்டத்தோடு கூடவே போனவர்களின் பேச்சில் காரம் ஏறியிருந்தது. மூவாயிரம் 140 ஆனதும், உங்கள் மகன் எழுத்தில் காரம் ஏறியதும் இதே கதைதான்.

இந்த ஆய்வையெல்லாம் படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

1991-இல் எனக்கு 24 வயது. சுல்தான்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீராமபுரத்தில். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பரில் அரசிதழில் வந்ததும் ஊர் பற்றிக்கொண்டது. எங்கள் தெருமுனைச் சலவைக்கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, பலகையில் இருந்த தமிழ் எழுத்துகள்மேல் சுண்ணாம்பு அடித்தார். அவசரத்தில் அடித்ததால் 'நிலையம்' என்பதில் இருந்த இணைக்கொம்பு மட்டும் மறையாமல் நின்றது. அச்சுக் கோக்கிறவன் கண்ணுக்கு அதுதான் பட்டது. இன்றைக்கும் அந்தக் கொம்பு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கோபத்தில், ஒரு சலூனுக்கு மேலே இருந்த அறையில் கூடிய கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். முப்பது பேர் இருப்போம். நெட் கிடையாது, செல்போன் கிடையாது. சைக்ளோஸ்டைல் நோட்டீஸ், டீ, பேச்சு, மறுபடி டீ. நாலு மாதத்தில் போலீஸ் வந்து விசாரிக்க, கட்டடக்காரர் பயந்துபோய் அறைக்குப் பூட்டுப் போட்டார். அந்தக் காலத்துக் கணக்கு முடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் இருபது பேர் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதிப் பேர் டீக்கும் அரட்டைக்கும் வந்தவர்கள்தானே. மிச்சம் பத்துப் பேர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூட ஆரம்பித்தோம், நானும் ஒருவன். அறையில் இருந்தபோது யாராவது எல்லை மீறிப் பேசினால் "ஏம்ப்பா, ரொம்பப் போறியே" என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். மாடியில் அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் யாரும் ஏறி வரவில்லை. யார் அதிகச் சூடாகப் பேசுகிறானோ அவன்தான் அங்கே ஆள்.

எப்படி வெளியே வந்தேன் என்று கேட்டால், கதையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அச்சகத்தில் போர்மேன் கன்னடக்காரர். மதியம் மை படிந்த கையைத் துணியில் துடைத்துவிட்டு, கேட்காமலே என் டிபன் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுப்பார். கலவரம் ஓய்ந்த வாரத்திலும் எடுத்தார். ஒருநாள் டப்பாவை மூடி வைத்தேன். திறந்து எடுத்தார். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டதை அவர் கண்டுகொண்ட மாதிரியே காட்டவில்லை. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது. ஒருநாள் யோசித்துப் பார்த்தால், மாடிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த அறைக்குப் பூட்டுப் போட்டபோது நடந்ததுதான் பெரிய அளவிலும் ஏறக்குறைய நடக்கிறது. 2014 டிசம்பரில் 'ஷமி விட்னஸ்' என்ற ட்விட்டர் கணக்கு விவகாரத்தில் நம் ஊரிலேயே ஒருவர் கைதானது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் பிரசாரத்தைப் பரப்பிய கணக்கு அது. 17,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அப்போது ட்விட்டர் பொதுத்தெரு மாதிரி, வேறு வேலையாகப் போகிற பையனும் நின்று வேடிக்கை பார்ப்பான். 2015 நடுவிலிருந்து 2016 ஆகஸ்டுக்குள் பயங்கரவாதத்தை ஆதரித்ததாக 3,60,000 கணக்குகளை ட்விட்டர் மூடியது. கூட்டம் டெலிகிராமுக்குப் போனது. அங்கேயும் 2019 நவம்பரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலோடு சேர்ந்து ஒரு பெரிய துடைப்பு நடந்தது. ஆட்கள் ஒழிந்துவிடவில்லை. ஆனால் தெருவில் போகிறவன் தடுக்கி விழ அங்கே கடை இல்லை, தேடித்தான் போக வேண்டும்.

கணவர் சொன்ன "எங்கே வந்தாலும்" என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு கம்பெனி தன் தளத்தில் விதி போட்டு ஒருவரை வெளியே அனுப்புவது ஒன்று. அரசாங்கம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்குவது வேறு. 2009-இல் வந்த அதன் விதிகளின்படி புகாரும் உத்தரவும் ரகசியம். எது, ஏன் போனது என்று நமக்குத் தெரியாது. அதே சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2012-இல் மும்பை கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணையும் பால்கரில் கைது செய்தது அதன்கீழும்தான். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

ஃபேஸ்புக்கில் ஆறு வெறுப்பு அமைப்புகளின் ஆட்களை நீக்கியபோது என்ன நடந்தது என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. கம்பெனியின் சொந்த ஆய்வாளர்களே எழுதியது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நின்றவர்கள் உடனே தணிந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு நெருக்கமானவர்களோ முதலில் சீறினார்கள், நாள் போகப்போக அவர்களும் குறைத்துக்கொண்டார்கள். உங்கள் மகனுக்கு இது முதல் மாதம். அவன் சீறுகிறான். இந்தச் சில மாதங்கள் முக்கியம்.

வைஃபையைப் பிடுங்க வேண்டாம். மொபைல் டேட்டா இருக்கிறது, நெட் எங்கேயும் போய்விடாது. "வீட்டிலேயே என்னை ஒடுக்குகிறார்கள்" என்று அந்த 140 பேரிடம் சொல்ல ஒரு கதை மட்டும் கிடைக்கும். போனைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். கடிதத்தைப் படித்தால் பார்க்கிறீர்கள் என்றுதான் தெரிகிறது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மூவாயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருந்த இடம் ஒரே நாளில் காலியானதை நீங்கள் தேங்காய் உடைத்துக் கொண்டாடியிருக்கிறீர்கள். அவனுக்கு அது சாவு வீடு. அதைப் பற்றி அவனிடம் யாராவது கேட்டார்களா? அவன் கருத்தைப் பற்றி வேண்டாம், அந்த மூவாயிரம் பேரில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா, தினமும் யாரோடு பேசுவான் என்று கேளுங்கள். பதில் வர நாளாகும்.

காவிரியைப் பற்றி வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். டி.எம்.சி. கணக்கு அவன் மனப்பாடம் செய்து வைத்திருப்பான். 2016 செப்டம்பர் 12-ஐக் கேளுங்கள். தமிழ்நாட்டு எண் பலகை போட்ட பேருந்துகள் எரிந்து, பெங்களூரில் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்ட நாள். அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். அன்றைக்கு என்ன பார்த்தான், வீட்டுக்கு எப்படி வந்தான், யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவன் கோபத்தில் நிஜமான ஒரு பயம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றி முதலில் அக்கறையாகக் கேட்டது அந்தக் குழுதான் என்றால், அவர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் நாஜிக் கும்பல்களிலிருந்து வெளியேற உதவும் எக்சிட் என்ற அமைப்பு, 2011-இல் அவர்களுடைய இசை விழா ஒன்றிலேயே 250 டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுக்க வைத்தது. மண்டையோடு போட்ட, அவர்களுக்குப் பிடித்த மாதிரி சட்டை. வீட்டுக்குப் போய்த் துவைத்ததும் படம் கரைந்து, உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியேற நாங்கள் உதவுகிறோம் என்று வாசகம் வந்தது. குறும்புதான். ஆனால் எனக்குப் பிடித்தது, யாரும் யாரையும் திட்டவில்லை என்பது.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். அந்தக் குழுவில் பணம் கேட்கிறார்களா, நேரில் வரச் சொல்கிறார்களா, குறிப்பிட்ட ஒருவரின் பெயரோ முகவரியோ கடையோ பேச்சில் வருகிறதா? வந்தால் அது வெறும் பேச்சு இல்லை. முதலில் அவனிடமே நேராகச் சொல்லுங்கள். தெரிந்த வக்கீலைப் பாருங்கள், தேவைப்பட்டால் போலீசுக்கும் போங்கள். மொழியின் பெயரால் பகையைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பி.காம். முடிக்கப்போகிற பையனுக்கு இதை அப்பா மிரட்டலாகச் சொல்வதைவிட மாமா சாதாரணமாகச் சொன்னால் காதில் விழும். தம்பிக்கும் ஒரு வேலை ஆயிற்று.

இன்னொரு வேலை மாடி வீட்டு ஆன்ட்டிக்கு. இன்று சாயங்காலமே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள். ஒளிக்க வேண்டாம், அவர் எப்போதோ கண்டுபிடித்திருப்பார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும், படியில் பார்க்கும்போதெல்லாம் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.