கல்லீரலில் சார்காய்டோசிஸ்: உங்கள் கேள்விகள், ஒரு தாதியின் பதில்கள்

கல்லீரல் வார்டில் 20 வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தேன். சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈசூன்: அக்கா, என் கணவருக்கு நுரையீரலில் சார்காய்டோசிஸ். இப்போது ரத்தத்தில் ஏஎல்பி என்ற கல்லீரல் நொதி கூடியிருக்கிறதாம். பயப்பட வேண்டுமா?

வேண்டாம்மா. கிரானுலோமா என்ற நுண்ணிய அழற்சி முடிச்சுகள்தான் இந்த நோய். திசு எடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்காவது கல்லீரலிலும் இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது. அப்பாயின்ட்மெண்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஜூரோங்: கல்லீரல் சுருங்கவில்லை என்கிறார் டாக்டர். அப்புறம் ஏன் எனக்கு எண்டோஸ்கோப்பி?

தம்பி, குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. அந்தச் சிரையின் நுனிக் கிளைகளை ஒட்டித்தான் முடிச்சுகள் அதிகம் வரும். வழி நெருங்கினால் பின்னால் அழுத்தம் ஏறும், மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைக்கும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது, இல்லாமலே இது நடக்கலாம். புடைத்த சிரை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எண்டோஸ்கோப்பியில் முன்பே தெரிந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்ரனோலால் மாத்திரை கொடுப்பார்கள், இல்லையென்றால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒருவருக்கு மூன்று நாளாகக் கறுப்பு மலம். இரும்பு மாத்திரையால்தான் என்று இருந்துவிட்டார். மனைவி கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தார்: தார் மாதிரி, பளபளவென்று. அது ரத்தம். அப்படிப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ உடனே 995-ஐ அழையுங்கள். காலையில் பாலிகிளினிக் போகலாம் என்று இருக்காதீர்கள்.

தெம்பனிஸ்: ஸ்டீராய்டு சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ரத்தப் பரிசோதனை எண்கள் பலருக்கு இறங்கும். சிரை அழுத்தம் எல்லோருக்கும் இறங்குவதில்லை. எண் நன்றாக இருக்கிறதே என்று எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீர்கள். தொடங்கும் முன் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பிக்கும் பரிசோதித்தாயிற்றா என்று கேளுங்கள். காசநோயும் இதே போன்ற முடிச்சுகளை உண்டாக்கும், ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பியும் கிளம்பிவிடும்.

செங்காங்: அம்மாவுக்கு ராத்திரி முழுக்க அரிப்பு, கண்ணும் மஞ்சள்.

பித்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த வாரமே காட்டுங்கள். பித்த ஓட்டத்துக்கு உதவும் உர்சோ மாத்திரை சிலருக்கு நன்றாகக் கேட்கும்.

பிடோக்: பட்-கியாரி என்று படித்தேன். எனக்கும் வருமா?

கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகள் அடைபடுவது அது. சார்காய்டோசிஸில் மிக மிக அரிது. ஆனாலும் வயிறு மளமளவென்று வீங்கி வலது விலா அடியில் வலித்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.