பதில்: நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையில் கொதிக்கிறது, அறிக்கையில் 100 என்று மாற்றவா?

மாற்ற வேண்டாம் தம்பி. மூன்று முறை அளந்தும் 93.5, 94, 94 என்று வந்ததாகவும், வெப்பமானி பிழை என்று வகுப்பில் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவீடு சரி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும், அதனால் கொதிநிலையும் இறங்கும். சுமாராக 300 மீற்றருக்கு ஒரு பாகை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 94க்குப் பக்கத்தில்தான் வரும். நம் வீடுகளில் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான்.

வெப்பமானியில் சந்தேகம் இருந்தால் உருகும் ஐஸில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். அந்தச் சோதனையையும் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள், நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

அறிக்கையில் "தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும்" என்ற உங்கள் கருதுகோளை அழிக்காதீர்கள். அப்படியே விட்டு, முடிவில் அது ஏன் பொருந்தவில்லை என்று விளக்குங்கள். அட்டவணையில் மூன்று அளவுகளும் இருக்கட்டும், சராசரி 93.8 கீழே வரட்டும். எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீரில் அளந்தீர்கள், வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டதா என்பதும் வேண்டும். தொட்டிருந்தால் மறுபடி அளங்கள்.

அப்புறம், கண்டியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களையும் அளக்கச் சொல்லுங்கள். அது ஏறத்தாழ 500 மீற்றர், 98ஐ ஒட்டி வரும். இரண்டு ஊரையும் ஒரே வரைபில் போட்டால் உங்கள் அறிக்கை தனியாகத் தெரியும்.