நாலு வயசு மகள் ஒற்றைக்காலில நிக்கேல்லை, சமநிலை குறைவு எண்டு நேசரியில எழுதி விட்டிருக்கினம். டொக்டரிட்டக் காட்ட வேணுமோ?

தங்கச்சி, முதல்ல அந்தத் தாளை மடிச்சு ஒரு பக்கம் வையுங்கோ. மகளுக்கு நாலு வயசு முடிஞ்சு ஒரு மாசம்தான் எண்டு எழுதியிருக்கிறியள், தாளில "ஒற்றைக்கால் 3 செக்கன், சமநிலை குறைவு" எண்டு மட்டும்தான் இருக்கு எண்டும் சொல்லுறியள். எந்தக் கால், எத்தினை தரம் விட்டுப் பாத்தவை, சப்பாத்தோடயோ வெறுங்காலோடயோ, ஒண்டும் இல்லை. அப்பிடி ஒரு வரியை வைச்சு பிள்ளைக்குக் குறை எண்டோ இல்லை எண்டோ ஆராலும் சொல்லேலாது. நான் டொக்டர் இல்லை, பிசியோவும் இல்லை, யாழ்ப்பாணத்தில உரும்பிராய்ப் பக்கம் கனகாலமா நேசரி ரீச்சர். (நேசரி ரீச்சருக்கு உதுகள் என்ன தெரியும் எண்டு கீழ வந்து எழுதப்போறவை முழுசா வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ.)

பொதுவாச் சொல்லுற கணக்கு, மூண்டு வயசில ஒண்டு ரெண்டு செக்கன், நாலு வயசில ஒரு நாலைஞ்சு, அஞ்சு வயசில எட்டுப் பத்து. இது சராசரிதான், கோடு கீறி இதுக்கு மேல பாஸ் கீழ பெயில் எண்டு இல்லை. ஒரே பிள்ளை காலமை ரெண்டு செக்கன் நிக்கும், சாப்பிட்டு விளையாடிப்போட்டு வந்து ஆறு செக்கன் நிக்கும். அதாலதான் முறையாச் செய்யிற ரெஸ்ற்றுகளில திருப்பிச் செய்யவிட்டு நல்லாச் செய்ததை எடுக்கிறவை. மூவ்மென்ட் ஏபிசி எண்டு பிள்ளையளின்ர உடலசைவைப் பாக்கிற ஒரு ரெஸ்ற் இருக்கு, அதின்ர ரெண்டாம் பதிப்பு 2007 இல வந்தது, அதில 3 முதல் 6 வயசுக்காரருக்கு ஒற்றைக்கால் மட்டும் இல்லை, குதிக்காலைத் தூக்கிக்கொண்டு கோட்டில நடக்கிறது, பாய்க்குப் பாய் துள்ளுறது எல்லாம் சேத்துத்தான் சமநிலை பாக்கிறது. நிண்டு பாக்கிறது வேற, அசைஞ்சுகொண்டு சமாளிக்கிறது வேற. ஒண்டில கெட்டிக்காரப் பிள்ளை மற்றதில தடுமாறும்.

இனி எனக்கு ஏன் இந்தக் கேள்வியைக் கண்டவுடன சுள்ளெண்டு ஏறினது எண்டு சொல்லுறன். எங்களிட்டையும் ஒருக்கா வெளியில இருந்து ஆக்கள் வந்து பிள்ளையளைப் பாத்தவை, ஆர் எண்டு சொல்லமாட்டன். புதுசா ரைல்ஸ் பதிச்ச மண்டபம், வாசல்ல சப்பாத்தைக் கழட்டச் சொல்லிச்சினம், ஆனா மேஸை, அதுதான் காலுறையை, கழட்ட ஒருத்தருக்கும் யோசனை வரேல்லை. நைலோன் மேசோட பளபளக்கிற ரைல்ஸில ஒற்றைக்காலில நிக்கச் சொன்னால் நானே விழுவன். சுத்திவர தாய் தேப்பன்மார், ஒராள் போனில வீடியோ வேற. ஒரு பெட்டைக்குட்டி காலைத் தூக்கினவ, தாயின்ர முகத்தைப் பாத்தவ, உடன வைச்சிட்டா. "குறைவு" எண்டு எழுதியாச்சு, அடுத்த பிள்ளை! தாய் அண்டைக்கு முழுக்க அழுகை. அந்தப் பிள்ளை பின்னேரத்தில அப்பப்பாவுக்குப் பின்னால வெங்காயத் தோட்டத்து வரம்பில வெறுங்காலோட ஓடித்திரியிற பிள்ளை. தண்ணி மாறேக்க வரம்பு ஈரமாக் கிடக்கும், பெரியாக்களுக்கே வழுக்கும், அவ ஒருநாளும் பாத்திக்குள்ள விழுந்ததை நான் காணேல்லை. அடுத்த நாள் முத்தத்து மண்ணில வெறுங்காலோட விட்டு, கொக்கு நிக்கிற மாதிரி நில்லு பாப்பம் எண்டு நானும் கூட நிண்டன். நிண்டா! வலது காலில வடிவா நிண்டா, இடது காலில கொஞ்சம் குறைவு, அது கன பிள்ளையளுக்கு அப்பிடித்தான்.

அதைவிடப் பெரிய கதை அதே தாளில "நல்லம்" எண்டு எழுதப்பட்ட பெடியன்ர. ஒற்றைக்காலில அசையாமல் நிண்டவர், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா நான் வேற ஒண்டைக் கண்டுகொண்டுதான் இருந்தனான். பெனியன் மாத்தேக்க, துணி தலையை மூடுற அந்த ஒரு நிமிசத்துக்குள்ள, அவர் ஒவ்வொரு தரமும் சரிஞ்சு வந்து என்னில முட்டுவார். மத்தப் பிள்ளையள் கொஞ்சம் ஆடுவினம், இவர் அப்பிடியே விழுவார். பின்னால நிண்டு கூப்பிட்டால் திரும்பவும் மாட்டார், குழப்படி எண்டுதான் வீட்டில சொன்னவை. நாங்கள் நேரா நிக்கிறதுக்கு மூண்டு இடத்தில இருந்து செய்தி வரவேணும், கண், உள்காது, பிறகு பாதமும் மூட்டும். சின்னப் பிள்ளையள் கண்ணைத்தான் கூட நம்புறவை. காதால வாற செய்தி குழம்பியிருந்தாலும் கண் திறந்திருக்கிற மட்டும் சமாளிச்சுப்போடுவினம். தாயைப் பிடிச்சு, காது மூக்கு தொண்டை டொக்டரிட்டக் கொண்டு போங்கோ எண்டு நிண்ட நிலையில சொன்னன். நடுக்காதில நீர் கட்டியிருந்தது. மருந்தோடயும் பிறகு டொக்டர்மார் செய்த வைத்தியத்தோடயும் சுகம் வந்தது, பெனியன் மாத்தேக்க விழுறதும் நிண்டிட்டுது. இதை நான் பெருமைக்குத்தான் சொல்லுறன், ஏன் சொல்லக்கூடாது?

இன்னொண்டு. 1985 இல ஷம்வே-குக், வூலகொட் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்மார் 15 மாசத்தில இருந்து 10 வயசு வரை பிள்ளையளை அசையிற தட்டில நிக்க வைச்சுப் பாத்து எழுதினவை, 4 முதல் 6 வயசுக்காரர் சின்னாக்களை விடவும் கூடக் குழம்பி, ஒருக்கா ஒரு மாதிரியும் மறுக்கா வேற மாதிரியும் சமாளிக்கினம், 7 வயசுக்குப் பிறகுதான் பெரியாக்களின்ர மாதிரி வருகுது எண்டு. உங்கட மகள் நிக்கிற வயசு அந்தக் குழம்புற வயசு.

ஆனா அவை எங்க போய் சமநிலையைப் பழகுறது எண்டு கேளுங்கோ. முத்தம் முழுக்க இன்ரர்லொக் கல்லு, வேம்பில கட்டின ஊஞ்சலும் போச்சு, மூண்டு வயசுப் பிள்ளைக்கு "அ ஆ எழுதுறா இல்லை, ரீச்சர் என்ன செய்யிறா" எண்டு வந்து சண்டை. நான் பிள்ளையளைக் கெந்த விட்டால் விளையாட்டுக் காட்டுறன் எண்டு முறைப்பாடு, ரெண்டு மணித்தியாலம் கதிரையில வைச்சு எழுதவைச்சால் நல்ல ரீச்சர். எங்களுக்கு வாற கொடுப்பனவைக் கதைக்க வெளிக்கிட்டால் இந்தப் பதில் முடியாது, அதை விடுவம். காசு தராட்டிலும் பரவாயில்லை, மண்ணைத் தாங்கோ.

உங்கட விசயத்துக்கு வாறன். மகள் சந்தோசமா இருக்கிற நேரம் பாத்து, வெறுங்காலோட, வழுக்காத நிலத்தில, நீங்களும் கூடச் செய்து ரெண்டு காலிலயும் பாருங்கோ. கெந்துறாவோ, நுனிக்காலில நாலடி நடக்கிறாவோ, படி ஏறுறாவோ எண்டும் பாருங்கோ. எத்தினை செக்கன் எண்டதை விட எந்தப் பக்கம் சரியிறா எண்டதைக் கவனியுங்கோ. செக்கன் கூடுற மாதிரி பயிற்சி குடுத்து ரெஸ்ற்றுக்கு ஆயத்தப்படுத்தாதேங்கோ, உது ஸ்கொலசிப் சோதினை இல்லை.

முந்திச் செய்ததை இப்ப செய்யாமல் விட்டால், ஒரே பக்கம் விழுந்தால், நிலத்தில இருந்து எழும்பேக்க கையைத் துடையில ஊண்டி ஊண்டி எழும்பினால், தள்ளாட்டத்தோட தலையிடி, காலமைச் சத்தி (வாந்தி) இருந்தால், காது கேக்கிறதில சந்தேகம் எண்டால் ஒரு நாளும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதுக்கு என்ர பதிலும் வேண்டாம், ரெஸ்ற்றும் வேண்டாம், நேரா டொக்டரிட்டப் போங்கோ. இதுகள் ஒண்டும் இல்லாட்டில் அடுத்த கிளினிக்கில மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ, பிள்ளையின்ர வளர்ச்சிப் புத்தகத்தையும் கொண்டு போங்கோ, அவையே தேவை எண்டால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவினம். நேசரியிலயும் ஒருக்காக் கேளுங்கோ, பிள்ளை மேசோடயோ நிண்டவ எண்டு.