பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கு

அண்ணாச்சி, போன செவ்வாய்க்கிழமை கடையை வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து மகனோடு அவன் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தீர்கள். பிளஸ் டூவில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மச்சினர், ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் தவிர வேறு எதிலும் சேர்க்கக் கூடாது என்று தினமும் போன் போடுகிறார். பையனோ கேபிள்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறான். "பயமா இருக்கு சார்" என்றீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அப்படி அனுப்பியது என் தப்பு. இப்போது நேராகச் சொல்கிறேன்: மச்சினர் சொல்லும் படிப்புக்கான அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு வேண்டாம்.

கணக்கு போடுவோம். கல்லூரி கேட்பது விடுதியோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு 10 லட்சம். வங்கிக் கடனுக்கு 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 16,600 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. ஈடு வைப்பது கடைப் பத்திரம். "மச்சினர் ஜாமீன் போடுவாரா?" என்று கேட்டேன். நீங்கள் ஃபேனைப் பார்த்தீர்கள். ஜாமீன் போடாதவருக்கு எந்தக் கோர்ஸ் என்று சொல்லும் உரிமையும் கிடையாது, அவ்வளவுதான். அந்தப் படிப்பு முழுக்கக் கணிதமும் புள்ளியியலும். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பையனை அதில் தள்ளினால் அரியர்தான் சேரும்.

பி.காம்., பி.சி.ஏ., போட்டித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் வேறொன்று சொல்கிறேன்.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது தம்பியிடம், "கேபிள்காரரோட போய் என்னப்பா பண்ற?" என்று கேட்டேன். அதுவரை வாயைத் திறக்காதவன் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். ஃபைபர் இன்டர்நெட் வயரில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் கையடக்கமான பவர் மீட்டர், அதில் மைனஸ் 27.6 என்ற எண். "இது கெட்ட ரீடிங் சார். கனெக்டர் முனையில அழுக்கு. துடைச்சதும் மைனஸ் 21 வந்துச்சு." அடுத்த படம், பீரோவுக்குப் பின்னால் நசுங்கி மடங்கிக் கிடக்கும் வயர். "இது அடுத்த வீடு. இங்க துடைச்சா மட்டும் பத்தாது." கணக்கு வராது என்று நீங்கள் சொன்ன பையன் எனக்கு ஒளியின் பலத்தைச் சொல்லும் டெசிபல் கணக்கு நடத்தினான். மூன்று டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும், மைனஸ் 27.6 போய் மைனஸ் 21 ஆனால் நாலு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

உங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியை எல்லாரும் மோடம் என்போம். தொழிலில் அதற்கு ஓ.என்.டி. என்று பெயர். ஆபரேட்டர் ஆபீஸில் இருக்கும் ஓ.எல்.டி. என்ற தலைமைப் பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்புகிறது. இழையின் தடிமன் 125 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். வழியில் கரண்டே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் அதை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறது. 32 ஆகப் பிரித்தால் காகிதக் கணக்கில் 15 டெசிபல் போகும். நடைமுறையில் 17 வரை போகும். மீதியில் தூரமும் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இப்படி ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், பரவலாக உள்ள ஜிபான் முறையில் மைனஸ் 27, 28 என்று இறங்கிவிட்டால் பெட்டி தடுமாறும். அப்போதுதான் ஒளி சரியாக வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு மினுக்கும், நீங்கள் ஆபரேட்டரைத் திட்டுவீர்கள்.

அந்தப் பெட்டி சும்மா கிடப்பதில்லை. ஒரே இழையில் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வாங்கி, 1310இல் திருப்பி அனுப்புகிறது. அனுப்புவதும் தன் முறை வரும்போது மட்டும்தான். ஒரு வீட்டுப் பெட்டி கோளாறாகி முறை தவறி ஒளி விட்டுக்கொண்டே இருந்தால், அதே ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளும் படுத்துவிடும். எந்த வீடு என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்க்கிறவருக்கு நிதானம் வேண்டும். கரண்ட் போனால், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் 'நான் அணைகிறேன்' என்று ஆபீஸுக்கு ஒரு சேதி அனுப்பிவிட்டுத்தான் பெட்டி அணையும். தொழிலில் டையிங் காஸ்ப், கடைசி மூச்சு என்பார்கள். அந்தச் சேதி வந்திருந்தால் இழை அறுந்திருக்கிறதா என்று தேடிப் போக வேண்டியதில்லை. இதைத் தம்பி சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வழி இதுதான். அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். பிளஸ் டூ அறிவியல் பிரிவு என்பதால் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரலாம், இரண்டே வருஷம். கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரங்கள். அரசுப் பள்ளியிலேயே படித்தவன், அதனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். லீவில் ஸ்பிளைசிங் (இழைகளை உருக்கி ஒட்டுவது), ஓ.டி.டி.ஆர். (இழையில் பழுது எங்கே என்று காட்டும் கருவி), வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது), வைஃபை அமைப்பு கற்கட்டும். அப்புறம் ஒரு வருஷம் அப்ரென்டிஸ். பிறகு மனசு வந்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரும் கதவும் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகும் திட்டத்தை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் நடத்துகிறது. போட்டதைப் பராமரிக்கவும், வீட்டுக்குள் கொண்டுவரவும் ஆள் வேண்டாமா? பெட்டியைக் கழற்றி மாட்டுவதோடு நின்றுவிடாமல் ஓ.எல்.டி. பக்கம் போனால் நெட்வொர்க் இன்ஜினியர் வேலை. மச்சினருக்குச் சொல்லுங்கள், இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் தேஜஸ் நெட்வொர்க்ஸ் அவர் ஊரில்தான் இருக்கிறது.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் குறைவு. பல இடங்களில் கான்ட்ராக்டரிடம் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மழை பெய்த மறுநாள் போன் ஓயாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். பெல்ட்டும் இன்சூரன்ஸும் இல்லாமல் கரண்ட் கம்பத்தில் ஏற்றினால் அன்றே வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள். இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். ஸ்பிளைசிங் மெஷின் வாங்கக் கடன் எடுக்கிறேன் என்று பிறகு வந்து நின்றால் அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பவர் மீட்டரும் இழையை நேராக வெட்டும் கிளீவரும் முதலில் போதும்.

"கேபிள்காரன்னு சொல்லிடுவாங்களே" என்று வீட்டம்மா வருத்தப்பட்டதாகச் சொன்னீர்கள். அவர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்போது சீரியல் பாதியில் நின்றால் யாருக்குப் போன் போடுகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை தம்பியை மார்க் ஷீட்டோடு தனியாக அனுப்புங்கள். நீங்கள் அன்று காலை வங்கிக்குப் போய், மதிப்பீட்டுக்குக் கொடுத்த கடைப் பத்திரத்தைத் திருப்பி வாங்குங்கள்.