கால்பந்துக்காக ஒரு போரா?

அன்புள்ள ஐயா,
விநோதமான போர்கள் என்று யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். 1969இல் எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக அடித்துக்கொண்டார்களாம். மனிதர்கள் நிஜமாகவே இவ்வளவு முட்டாள்களா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,
முட்டாள்கள் இல்லை. ஆட்டமும் நடந்தது, போரும் நடந்தது, ஆனால் சண்டை நிலத்துக்கு.

இரண்டும் மத்திய அமெரிக்காவில் அடுத்தடுத்த நாடுகள். ஹோண்டுராஸ் பரப்பில் எல் சால்வடோரைப்போல ஐந்து மடங்கு, ஜனத்தொகையோ எல் சால்வடோரில்தான் அதிகம். அங்கே நல்ல நிலமெல்லாம் சில காப்பித் தோட்டக் குடும்பங்களின் கையில் இருந்ததால், குடியானவர்கள் எல்லை தாண்டிப் போய்க் காடு திருத்திப் பயிர் வைத்தார்கள், வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள், அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். 1969 வாக்கில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். இதற்குள் ஹோண்டுராஸ் ஏழைகளும் நிலம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய பண்ணைகளிலும் அமெரிக்க வாழைக் கம்பெனியிடமும் கைவைக்க அரசுக்குத் துணிச்சல் இல்லை. அப்புறம் என்ன, அந்நாட்டில் பிறந்தவனுக்குத்தான் நிலம் என்ற 1962ஆம் வருடச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, சால்வடோர்க்காரர்களைத் துரத்தினார்கள். பண்ணையார்மேல் வரவேண்டிய கோபம் பக்கத்துக் குடிசைக்காரன்மேல் போனது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இந்த நேரம் பார்த்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவில் ஹோண்டுராஸ் 1-0, எல் சால்வடோர் தலைநகர் சான் சால்வடோரில் எல் சால்வடோர் 3-0 என்று ஜெயித்தன. இரண்டு ஊரிலும் வந்த அணியைத் தூங்கவிடாமல் விடுதி வாசலில் ராத்திரி முழுக்கக் கூச்சல். ஜூன் 27 மெக்சிகோ நகரில் மூன்றாவது ஆட்டம், கூடுதல் நேரத்தில் எல் சால்வடோர் 3-2. அதையொட்டியே தூதரக உறவும் முறிந்தது.

ஜூலை 14 எல் சால்வடோர் தாக்கியது, பயணிகள் விமானங்களில்கூட குண்டுகளை மாட்டிக்கொண்டு. இரு பக்கமும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய விமானங்கள்தான். 17ஆம் தேதி பெர்னாண்டோ சோட்டோ என்ற ஹோண்டுராஸ் விமானி ஒரே நாளில் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார். உந்துசுழலி (புரொப்பெல்லர்) வைத்த போர்விமானங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கடைசி நாள் அது என்பார்கள். சரி, விமானப் பிரியர்களுக்கு அது சுவாரஸ்யம். செத்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் எல்லையோரக் கிராமத்து ஜனங்கள்.

சுமார் நூறு மணி நேரத்தில் அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டுச் சண்டையை நிறுத்தியது. எல் சால்வடோர் 1970 உலகக் கோப்பைக்குப் போய், மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. துரத்தப்பட்டவர்களும் ஊர் திரும்பினார்கள், அங்கே அவர்களுக்குக் கொடுக்க நிலம் முன்பும் இல்லை, அப்போதும் இல்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான 1980இல் எல் சால்வடோர் உள்நாட்டுப் போரில் இறங்கியிருந்தது.